அமெரிக்கத் துப்பாக்கியும் ஆபீஸ் முகவரியும்

அமெரிக்காவில் என் அண்ணன் வீட்டில் ஒரு கைத்துப்பாக்கி இருக்கிறது, அதே வீட்டில் ஓடியாடும் சின்னப் பையனும் இருக்கிறான் என்ற விஷயம் நாலு வருஷம் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. அம்மாவுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்று அண்ணன் எழுதியிருந்தான். நானும் வாயை மூடிக்கொண்டேன். அந்த நாலு வருஷமும் எங்கள் தெருவில் தந்திக்காரர் சைக்கிள் நுழைந்தாலே நான் வாசலுக்கு ஓடிவிடுவேன். வேறு யாருக்கோ வந்த தந்தி என்று தெரிந்த பிறகுதான் உள்ளே திரும்புவேன்.

எங்கள் வீட்டுக் கடிதங்களை எழுதியது நான்தான். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வரும், அதோடு சரி. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட்டு நட்டு செய்யும் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். செம்பரம்பாக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு ஒரு பஸ், அங்கிருந்து அம்பத்தூருக்கு ஒரு பஸ். எனக்கு மாப்பிள்ளை அமையாமல் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது; அது வேறு கதை. அண்ணன் எங்கள் பக்கத்து ஊர்களிலேயே முதலில் இன்ஜினியரிங் படித்தவன். ஆவடியில் கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டு, அறுபத்தேழில் மேல்படிப்புக்கு அமெரிக்கா போனான்.

துப்பாக்கி எங்களுக்குப் புதிதில்லை. அப்பாவிடம் ஒன்று இருந்தது. கருமருந்தையும் ரவையையும் குழலுக்குள் போட்டுக் கம்பியால் இடித்து, பின்பக்கம் ஒரு சின்னக் கேப்பு மாட்டிச் சுடுகிற ஒற்றைக் குழல் துப்பாக்கி. லைசென்ஸ் புத்தகத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கு என்று எழுதியிருக்கும். கதிர் முற்றும் சமயத்தில் ஏரியிலிருந்து பறவைகள் கூட்டமாக வந்து இறங்கும், அதற்குத்தான். ஆனால் பயிரைவிட அப்பாவின் மரியாதையைத்தான் அது அதிகம் பாதுகாத்தது. தேர்தல் வந்தால் அதைப் பூந்தமல்லி போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். திரும்பி வாங்கும்வரை அப்பா மீசையை இழந்தவர் போல யாரிடமும் சரியாகப் பேச மாட்டார்.

எனக்குப் பதினாலு வயதிருக்கும்போது அந்தத் துப்பாக்கி ஒரு மனுஷியைக் காயப்படுத்தியது. காலை ஒன்பது மணி இருக்கும். அப்பா பறவைக் கூட்டத்தைப் பார்த்துச் சுட்டார். வரப்புக்கு அந்தப் பக்கம் குனிந்து கீரை பறித்துக்கொண்டிருந்த, எங்கள் நிலத்திலேயே நடவுக்கு வருகிற ஒரு பெண்ணின் தொடையில் ரவைகள் ஏறின. பிழைத்துவிட்டாள். ஆனால் கடைசிவரை காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தாள். ஊரில் யாரும் அப்பா சுட்டார் என்று சொல்லவில்லை. "ரவ பட்டுக்கிச்சி" என்றார்கள், தானாகவே பட்டுவிட்ட மாதிரி. அவள் புருஷனும் அப்படித்தான் சொன்னான். எங்கள் நிலத்தில் கூலி வேலை செய்கிறவன் வேறு எப்படிச் சொல்வான்? அப்போது எனக்கு அதில் எந்தத் தப்பும் தெரியவில்லை. இப்போது நினைத்தால் கூசுகிறது.

அம்மா மட்டும் ஒரு மாதம் தினமும் ஒரு தூக்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு அவள் குடிசைக்குப் போய் வந்தாள்.  அதற்குப் பிறகு அந்தத் துப்பாக்கியின் பெயரைச் சொல்ல மாட்டாள். "அது" என்பாள். அது எங்கே இருக்கிறது, மருந்து போட்டிருக்கிறதா, கேப்பு மாட்டியிருக்கிறதா என்பது வீட்டிலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

வருஷத்தில் ஒரே ஒரு நாள் அதை அவள் தன் கையால் தொடுவாள், ஆயுத பூஜைக்கு. அரிவாள், கடப்பாரை, மண்வெட்டி, ஏர்க்கொழு, எங்கள் புத்தகங்கள் எல்லாவற்றையும் பலகையில் அடுக்கி, நடுவில் துப்பாக்கியைப் படுக்க வைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பாள். அதற்கு முன்னால் அப்பா கேப்பைக் கழற்றி வேட்டி மடிப்பில் செருகிக்கொள்வார். கேப்பு இல்லாவிட்டால் அது வெறும் குழாய். பூஜையில் வைத்ததை மறுநாள் கற்பூரம் காட்டி எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது, தொட்டால் குற்றம். அந்த ஒன்றரை நாள் நாங்கள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பொரி கடலை தின்போம். பூஜையில் இருக்கிற துப்பாக்கி தூங்குகிற துப்பாக்கி என்றுதான் அண்ணனுக்கும் எனக்கும் மனதில் பதிந்திருந்தது.

அமெரிக்காவிலிருந்து அண்ணன் எழுதிய முதல் கடிதங்களில் துப்பாக்கிகள் ஒரு வேடிக்கை மாதிரி வந்தன. கடையில் மீன் தூண்டிலுக்குப் பக்கத்தில் துப்பாக்கியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், தபாலில் பணம் அனுப்பினால் வீட்டுக்கே வந்துவிடும், நம்ம நைனா பார்த்தால் அங்கேயே தங்கிவிடுவார் என்று எழுதினான். நான் படித்துக் காட்ட, அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அறுபத்தெட்டில் அந்த நாட்டில் ஒரு தலைவரைச் சுட்டுக் கொன்றார்கள். இரண்டு மாதத்தில் இன்னொருவரை. அண்ணனின் கடிதம் அதற்குப் பிறகு மாறியது. காலேஜில் எல்லாரும் துப்பாக்கியைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும் என்று கையெழுத்து வாங்குகிறார்கள், நான் வெளிநாட்டான், என் கையெழுத்து செல்லாது, இருந்தாலும் போட்டேன் என்று எழுதினான். அந்த வருஷமே தபாலில் வாங்குவதைத் தடுத்து ஒரு சட்டம் வந்தது. இனி எல்லாம் சரியாகிவிடும், இந்த ஜனங்களுக்குப் புத்தி வந்துவிட்டது என்று அவன் எழுதியதைப் படித்தபோது அம்மாவுக்கு நிம்மதி.

அண்ணன் எழுபதில் வந்து கல்யாணம் செய்துகொண்டு அண்ணியை அழைத்துப் போனான். அடுத்த வருஷம் பையன் பிறந்தான். எழுபத்துமூன்றில் அப்பா போய்ச் சேர்ந்தார். அண்ணன் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, காரியத்துக்குத்தான் வந்தான். காரியம் முடிந்த மறுநாளே அம்மா அந்தத் துப்பாக்கியைத் தன் பழைய புடவை ஒன்றில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பூந்தமல்லி பஸ்ஸில் ஏறினாள். நானும் அண்ணனும் கூடப் போனோம். ஸ்டேஷனில் இருந்தவர், வாரிசு நீங்கள்தானே, எழுதிக் கொடுத்து லைசென்ஸை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று அண்ணனிடம் நல்லதனமாகத்தான் கேட்டார். வேண்டாம் என்று அண்ணன் எழுதிக் கொடுத்தான். திரும்பி வரும்போது அம்மா அந்தப் புடவையை மடித்துக்கொண்டே, "உட்டுச்சிடா நைனா, சனியன்" என்றாள். அண்ணன் அவள் தோளைத் தொட்டு, ஆமாம் என்றான். அவள் முகம் அவ்வளவு லேசாக இருந்து நான் பார்த்ததில்லை.

அதே அண்ணன் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, சொந்தமாக ஒன்று வாங்கினான். அந்தக் கடிதம் என் ஆபீஸ் முகவரிக்கு வந்தது. அதுவரை எல்லாக் கடிதமும் வீட்டுக்குத்தான் வரும். மானேஜர் அறைப் பையன் நீலக் கவரை என் மேஜையில் வைத்தபோது யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிப் பிரித்தேன். அண்ணன் வீட்டுத் தெருமுனையில் இருக்கிற மளிகைக் கடையில் கொள்ளை நடந்ததாம். கடைக்காரரை அடித்துப் போட்டுவிட்டுப் போனார்களாம். தெருவில் எல்லார் வீட்டிலும் இருக்கிறதாம். ஒன்றும் இல்லாத வீடு எது என்று திருடனுக்குத் தெரியுமாம். அதனால் வாங்கிவிட்டேன், சின்னதுதான், அம்மாவிடம் சொல்லாதே என்று எழுதியிருந்தான். நான் அந்தக் கடிதத்தை டிராயரில் கார்பன் பேப்பருக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். வீட்டுக்குப் போய் அம்மாவின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வகைக் கடிதங்கள் வந்தன. வீட்டுக் கடிதத்தில் பையனின் பல், பனி, அண்ணி சாம்பாருக்கு அலைந்த கதை. ஆபீஸ் கடிதத்தில் வேறு அண்ணன். கையெழுத்து வாங்கிய காலேஜ்காரர்களையே இப்போது கிண்டல் செய்தான். சட்டம் ஒழுங்கானவனின் கையைத்தான் கட்டும், திருடன் லைசென்ஸா வாங்கப்போகிறான் என்று கேட்டான். பக்கத்து வீட்டுப் பெரியவர் அவனை ஏதோ கூட்டத்துக்கு அழைத்துப் போனாராம். முன்னெல்லாம் அங்கே வேட்டையைப் பற்றிப் பேசுவார்களாம். இப்போது சர்க்கார் நம்மிடமிருந்து பிடுங்கப்போகிறது என்றுதான் பேச்சாம். அது தங்கள் உரிமை என்கிறார்களாம். "அவர்களுடைய" என்று எழுதியவன், இரண்டு கடிதம் தள்ளி "நம்முடைய" என்று எழுதினான். எனக்கு எரிச்சலாக வந்தது. செம்பரம்பாக்கத்தானுக்கு அங்கே என்னடா பரம்பரை உரிமை என்று எழுதிக் கேட்டேன்.  பையன் இப்போது நாற்காலி போட்டு ஏறுகிறான், எதை எங்கே வைத்தாலும் எடுத்துவிடுகிறான் என்று வீட்டுக்கு வந்த அடுத்த கடிதத்தில் பெருமையாக எழுதினான். அம்மா அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

எழுபத்தாறில் நவராத்திரிக்கு மூன்று வாரம் முன்பு அம்மா வழக்கம்போல என்னை உட்கார வைத்துக் கடிதம் எழுதச் சொன்னாள். அண்ணி அங்கே பூஜையைச் சரியாகச் செய்கிறாளோ இல்லையோ என்று அவளுக்கு ஒவ்வொரு வருஷமும் சந்தேகம். "காரு சாவி, மிஷினு, புள்ளையோட புஸ்தகம், ஊட்ல இன்னா கீதோ அத்தினியும் வெக்கச் சொல்லு. ஒண்ண உட்டாலும் கொற. மறுநாளு வரிக்கும் எதையும் தொடக்கூடாதுன்னு எழுது" என்றாள்.

என் பேனா நின்றது. எல்லாவற்றையும் என்றால் அதுவும்தான். அதை மட்டும் வைக்காதே என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். அம்மாவுக்குத்தான் படிக்கத் தெரியாதே. சேர்க்கவில்லை. அம்மாவே சொன்னதாக நினைத்து அதைப் பூஜையில் வைத்தால் அந்த ஒன்றரை நாளாவது அவன் அதைத் தொட மாட்டான் என்று எனக்குள் ஒரு முட்டாள் சமாதானம் ஓடியது. அவள் சொன்னபடியே எழுதி ஒட்டிவிட்டேன்.

தீபாவளிக்குச் சில நாள் முன்பு ஆபீஸுக்கு ஒரு கனமான கவர் வந்தது. எட்டுப் பக்கம். அண்ணன் எல்லாவற்றையும் வைத்திருக்கிறான். ஹாலில் ஒரு முக்காலியில் சாமி படம், கீழே தரையில் துணி விரித்து, கார் சாவி, அண்ணியின் தையல் மிஷின், அவன் கணக்குப் போடும் ஸ்லைடு ரூல், பையனின் படப் புத்தகம், அந்தத் துப்பாக்கி. அப்பா கேப்பைக் கழற்றுவாரே, அதே மாதிரி இவனும் தோட்டாக்கள் இருக்கும் மேகசினை உருவி அலமாரி மேல் வைத்துவிட்டான். அதோடு அது தூங்கிவிட்டது என்று நம்பினான். மேகசினை உருவினாலும், முன்பே ஏறிய தோட்டா ஒன்று குழலுக்குள் இருக்கலாம் என்பது அவன் புத்தியில் படவில்லை. அமெரிக்கா போய்ப் படித்த இன்ஜினியர். பூஜையில் வைத்த பிறகு எடுத்துப் பார்க்கவும் மனம் வரவில்லை என்று எழுதியிருந்தான். குற்றமாயிற்றே.

மறுநாள் காலை பையன் பொரி கடலை எடுக்கப் போனான். அஞ்சு வயசு. கடலையைத் தின்றுவிட்டு, குங்குமம் வைத்த அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு சமையல் கட்டு வாசலில் போய் நின்று, அம்மா இதோ பார் என்றிருக்கிறான். அண்ணி திரும்பவில்லை, பால் பொங்குகிற நேரம். வெடித்தது. குண்டு அவள் இடுப்புக்கு ஒரு முழம் தள்ளிச் சுவருக்குள் போய்விட்டது. பையன் அதிர்ச்சியில் பின்னால் விழுந்து மண்டையில் வீக்கம். வேறு ஒன்றுமில்லை, யாருக்கும் ஒன்றுமில்லை என்று அண்ணன் ஒரே பக்கத்தில் நாலு தரம் எழுதியிருந்தான்.

அதைப் படித்துவிட்டு நான் டைப் அடித்துக்கொண்டிருந்த காகிதத்தையே உருவிக் கிழித்துவிட்டேன். பயம்தான். அதற்குள் அடுத்த பக்கம் வேறு விதமாகப் போயிற்று. பக்கத்து வீட்டுப் பெரியவர் சத்தம் கேட்டு வந்தாராம். திட்டவில்லையாம். சுவரைப் பார்த்தாராம், வீட்டுக்குப் போய்ச் சாந்துக் கரண்டியோடு வந்து ஓட்டையைத் தானே பூசிக் கொடுத்தாராம். தப்பு துப்பாக்கியின் மேல் இல்லை, பையனுக்குச் சொல்லித்தராத உன் மேல்தான், இந்த வயசிலிருந்தே பழக்கினால் பயம் தெளியும், மரியாதை வரும் என்றாராம். யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று அண்ணன் முடித்திருந்தான். அந்த வரியை நான் மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்கத் திரும்பத் திரும்பப் படித்தேன். குண்டைவிட அந்த வரிக்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

அன்றே பதில் எழுதினேன். அதைக் கொண்டுபோய் உன் ஊர்ப் போலீஸில் கொடு, இல்லாவிட்டால் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்று. சொல்லிக்கொள், அவள் சோறு தண்ணீர் இல்லாமல் கிடப்பாள், அதைப் பார்க்க உனக்கு ஆசையாக இருந்தால் சொல் என்று அவன் எழுதினான். நான் சொல்லவில்லை. அம்மாவின் உடம்பை நினைத்துத்தான் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. சொன்னால், எல்லாவற்றையும் வை என்ற கடிதத்தை எழுதிய கை எது என்றும் சொல்ல வேண்டியிருக்கும்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஆபீஸ் கடிதங்கள் குறைந்து நின்றேபோயின. ஒருவேளை விற்றுத் தொலைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். எழுபத்தெட்டில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், அரைநாள் ஆபீஸ் முடிந்து நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா ஒரு கலர் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தபால்காரர் வந்து போயிருந்தார். கடிதத்தைப் பிரித்திருந்தாள், படிக்க முடியாவிட்டாலும் படம் பார்க்க யாரும் வேண்டியதில்லையே. பேரனின் ஏழாவது பிறந்த நாள் படம். புல்வெளியில் நின்று சிரிக்கிறான். முன்பல் இரண்டு இல்லை. அவன் உயரத்துக்கென்றே அளவெடுத்துச் செய்த மாதிரி ஒரு நீளத் துப்பாக்கி அவன் மார்பில் சாய்ந்திருந்தது. அண்ணன் பின்னால் நின்று அவன் தோளில் கை போட்டிருந்தான். இது ஆபீஸ் முகவரிக்கு வரவில்லை, வீட்டுக்கே வந்துவிட்டது. மறைக்க வேண்டிய விஷயம் என்ற நினைப்பே அண்ணனுக்குப் போய்விட்டது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"இன்னாது கையில?" என்று அம்மா கேட்டாள்.

பொம்மைம்மா, அங்கே பிள்ளைகளுக்கு இப்படித்தான் விற்கிறார்கள் என்றேன். ரொம்ப இயல்பாக வந்துவிட்டது.

அம்மா படத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். பிறகு என்னைப் பார்த்தாள். "முப்பது வருசம் அத்தோட குடுத்தனம் பண்ணவ நானு. எனக்கே பொம்மன்னு சொல்றியா? எத்தினி நாளா தெரியும் உனக்கு?"

நாலு வருஷமா என்றேன். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. மளிகைக் கடை, டிராயர், கூட்டம், பூஜை, சமையல் கட்டுச் சுவர் எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். அவள் அழவில்லை. எல்லாம் முடிந்ததும் ஒன்று மட்டும் கேட்டாள். "அத்தினியும் வெக்கச் சொல்லுன்னு நான் சொன்னப்போ, ஊட்ல அது கீதுன்னு தெரிஞ்சிதான எழுதின?"

ஆமாம் என்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா முகம் கழுவி, புதுப் புடவை கட்டிக்கொண்டு, என் மேஜையிலிருந்த ஏர்மெயில் கவரையும் காகிதத்தையும் எடுத்தாள். நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைத் தாண்டி வாசல் இறங்கி, மூன்று வீடு தள்ளியிருந்த வாத்தியார் வீட்டுக்குப் போனாள். முக்கால் மணி நேரம் கழித்து வந்தபோது கவரை ஒட்டியே கொண்டுவந்தாள். என்னம்மா எழுதச் சொன்னாய் என்று கேட்டேன்.

"அத்த உங்கிட்ட சொல்றதுக்கில்ல" என்றாள். பிறகு உலையில் அரிசி போட்டாள்.